கால் தாங்கி பெற்றோல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால்தான் கொஞ்சம் நோகிறது, அதை அவளே போனில் சொல்லியிருப்பாள். எனக்குப் போனில் சொல்ல வராத ஒன்று இருக்கிறது, அதனால்தான் கடிதம். அதற்கு வர முதல் காரைப் பற்றிச் சொல்லவேண்டும். பொறுத்துக்கொள்.

எங்கள் எம்.ஜி.பி ஜி.டி-யின் மீற்றர்களைத் தை மாதம் கழற்றினேன். ஸ்பீடோமீற்றர், எஞ்சின் சுற்றுக் காட்டுவது, ஒயில் அழுத்தமும் தண்ணிச் சூடும் சேர்ந்த இரட்டை மீற்றர், பெற்றோல் மீற்றர். நாலும் பழைய பேப்பரின் மேல் சாப்பாட்டு மேசையில் கிடந்தன. "இது சாப்பிடுற மேசையோ கராஜோ?" என்று அம்மா ஒரு கிழமை கேட்டாள். பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு சோபாவுக்குப் போய்விட்டாள்.

1966 இல் ஏபிங்டனில் பூட்டின கார். நாலு முகத்திலும் சின்ன எழுத்தில் ஸ்மித்ஸ் என்று இருக்கும், சின்னனில் நீ எழுத்துக்கூட்டி வாசித்த முதல் ஆங்கிலப் பெயர்களில் அதுவும் ஒன்று. கார் மீற்றர் செய்த அந்த ஸ்மித்ஸின் தொழிற்சாலை நாங்கள் இருக்கிற இதே லண்டன் கிரிக்கல்வூட்டில்தான் இருந்தது. வந்த புதிதில் எனக்கு அது தெரியாது. தெரிந்த பிறகு, எட்ஜ்வெயர் றோட்டில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஒருமுறை திரும்பிப் பார்ப்பேன்.

கழற்றுகிற விதம் சொல்கிறேன், ஆடியில் நீ வரும்போது கேட்பாய். கண்ணாடியைப் பிடித்திருக்கிற குரோம் வளையத்துக்குப் பின்பக்கம் சின்னச் சின்னப் பற்கள் உண்டு. டப்பாவின் விளிம்பில் அதற்கேற்ற வெட்டுகள். பல்லும் வெட்டும் நேருக்கு வரும்வரை வளையத்தைத் திருப்பினால் கையோடு வந்துவிடும். புத்தகத்தில் அவ்வளவுதான். இத்தனை வருசத் துருவும், கண்ணாடிக்குக் கீழே கல்லாகிப்போன ரப்பர் வளையமும் புத்தகத்தில் இல்லை. விளிம்பைச் சுற்றித் துருநீக்கி எண்ணெய் விட்டு ஒரு இரவு வைத்தேன். காலையில் அம்மாவின் பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறையைப் போட்டு, இறுகின ஊறுகாய்ப் போத்தலைத் திறக்கிற மாதிரி உள்ளங்கையால் திருகினேன். ஸ்குரூ டிரைவரால் நெம்பியிருந்தால் வளையம் நெளிந்திருக்கும்.

நான் கெட்டிக்காரத்தனம் காட்டின இடம் ஒன்று இருக்கிறது. சுற்று மீற்றரின் முகத்தில் புகை படிந்த மாதிரி ஒரு மங்கல். கண்ணாடி துடைக்கிற திரவத்தில் பஞ்சுக் குச்சியைத் தோய்த்து மெல்ல ஒரு இழுவை இழுத்தேன். அழுக்கு வந்தது. கூடவே வெள்ளை மையும் வந்தது. 30 இல் இருக்கிற 3 இன் கீழ்ப்பாதி பஞ்சில் இருந்தது! அப்போதே கையை எடுத்துவிட்டேன். மற்ற மூன்றுக்கும் படப்பிடிப்புக்காரர் கமராவுக்கு வைத்திருக்கிற ரப்பர் ஊதியும் மிருதுவான பிரஷும் மட்டும்தான். முகத்தைத் திரும்ப அச்சடித்துத் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள். நான் அனுப்பவில்லை. புத்தம்புது முகத்தைப் போட்டால் அது வேறு யாரோவின் கார். அரை 3 அப்படியே இருக்கட்டும்.

டப்பாக்களின் உள்பக்கத்தில் வெள்ளை பெயின்ற் அடித்திருக்கிறார்கள், பல்ப் வெளிச்சம் தெறித்து முகத்துக்கு வருவதற்காக. அது தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டது. திரும்ப அடித்தேன். பல்ப் 2.2 வாற்றுத்தான். மருமகன் போனில் "எல்.ஈ.டி போடுங்கோ மாமா" என்றார். இந்தக் காரில் பற்றறியின் பொசிற்றிவ்தான் காரின் உடம்பில் பூட்டியிருக்கிறது, எல்லா எல்.ஈ.டியும் அதற்குச் சரிவராது என்று அவருக்குச் சொல்லு. சரிவந்தாலும் நான் போடமாட்டேன், ஆஸ்பத்திரி வெளிச்சம்.

இரட்டை மீற்றர்தான் பயமுறுத்தினது. அதன் முதுகிலிருந்து எஞ்சினின் தலைக்கு ஒரு மெல்லிய செப்புக் குழாய் போகும். உள்ளே ஈதர். எஞ்சின் சூடாக ஈதரின் அழுத்தம் ஏறி முள்ளைத் தள்ளும். குழாய் முறிந்தால் ஈதர் போய்விடும், மீற்றரின் அந்தப் பாதி செத்துவிடும். அதனால் குழாயை வெட்டாமல், எஞ்சின் பக்கத்து நுனியைக் கழற்றி, தொப்புள்கொடியோடு பிள்ளையைத் தூக்குகிற மாதிரி முழுதாக வெளியில் எடுத்தேன். அரை நாள் வேலை.

இனிப் பெற்றோல் மீற்றர்.

அதன் உள்ளே இரண்டு உலோகம் சேர்த்து ஒட்டின ஒரு தகடு. அதைச் சுற்றின கம்பியில் மின்சாரம் ஓடினால் தகடு சூடாகி வளையும், வளைவு முள்ளை நகர்த்தும். சாவி போட்டதும் அந்த முள் சோம்பேறித்தனமாக எழும்புமே, அதற்கு அதுதான் காரணம். பற்றறியின் வோல்ற் ஏறி இறங்கினால் முள்ளும் பொய் சொல்லும் என்று, இடையில் ஒரு சின்னத் தகரப் பெட்டி வைத்திருக்கிறார்கள். அது மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பி, சராசரி 10 வோல்ற்றில் வைத்திருக்கும். ஆனால் அந்தப் பெட்டிக்குத் தன் தகரத்தின் வழியாகக் காரின் உடம்போடு தொடுப்பு வேண்டும். தொடுப்பு இல்லையென்றால் வெட்டுகிற வேலை நின்றுபோகும். பற்றறியின் முழு வோல்ற்றும் மீற்றருக்குப் போகும், முள் இருக்கிறதைவிட மேலே நிற்கும்.

அந்தப் பெட்டி ஒற்றைத் திருகாணியில் நிற்கிறது. கழற்றிப் பார்த்தால் அதற்குக் கீழே தடிப்பாகக் கறுப்பு பெயின்ற். திருகாணியின் துவாரத்துக்குள்ளும் பெயின்ற். அது என்னுடைய பெயின்ற். 2005 கோடையில் பின்தகட்டில் துரு என்று நான் அடித்தது, நீதான் டோர்ச் பிடித்தாய். காயவிட்டு, அதன் மேலேயே பெட்டியைப் பூட்டினேன். வோல்ற் அளக்கிற மீற்றர் வைத்து அளந்தேன். 10 இல்லை, 12-க்கு மேல், அசையாமல்.

2006 மார்கழியில் லெஸ்ரர் மாமி வீட்டுக்குப் போனோம், ஞாபகம் இருக்கும். மீற்றர் வாசிக்கிறது உன் வேலை. ரொடிங்ரனுக்குக் கிட்ட வரும்போது "பெற்றோல் எவ்வளவு?" என்று கேட்டேன். "கால் தாங்கி நிக்குதப்பா" என்றாய். 12 கலன் தாங்கியில் கால் என்றால் 3 கலன், நியூபோட் பக்னலில் அடிக்கலாம் என்று விட்டுவிட்டேன். அதுவரை போகவில்லை. எம் 1 நெடுஞ்சாலையின் ஓரத்தில், மழையில், உன்னையும் அம்மாவையும் கரைக்கு மேலே ஏற்றி நிறுத்திவிட்டு, அம்மாவுக்கு முன்னால் உன்னை ஏசினேன். "என்னத்தைப் பார்த்தனீ? முள்ளைப் பார்க்கத் தெரியாதோ?" நீ "கால்தானப்பா நிண்டது" என்று ஒருமுறை சொன்னாய். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. லொறி வர 2 மணித்தியாலம். அதற்குப் பிறகு நீ அந்தக் காரில் முன் கதிரையில் இருந்ததில்லை. 14 வயது, பெரிய பிள்ளையாகிவிட்டாய், அதனால் என்று நினைத்துக்கொண்டேன்.

முள் காலில்தான் நின்றிருக்கிறது. நீ பார்த்ததைச் சொன்னாய். பிழை என்னுடையது. ஏசினதும் பிழை. மன்னித்துக்கொள் பிள்ளை.

திருகாணிக்குக் கீழே வெறும் இரும்பு தெரியும்வரை உரசிப் பூட்டினேன். மீற்றரின் முதுகில் தக்கை வைத்து மூடின இரண்டு சின்ன ஓட்டைகள் இருக்கின்றன, அதற்குள்ளே முள்ளைத் திருத்துகிற திருகிகள். அவற்றைத் தொடத் தேவையே வரவில்லை. போன சனிக்கிழமை முள் சரியாகக் காலுக்கு வரும்வரை சும்மா ஓடித் திரிந்து, பிறகு தாங்கியை வாய்மட்டும் நிரப்பினேன். நிரம்பினால் 54 லீற்றர் கொள்ளும். 40 லீற்றரும் சொச்சமும் பிடித்தது.

பெற்றோல் ஷெட்டில் தந்த ரசீதை இதோடு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா