பிழை மெழுகில இல்லை

முள்ளியவளை

அன்பின் மச்சான்,

உன்ர கடிதமும் படங்களும் கிடைச்சது. பாத்த கையோட பெட்டியில வச்சுப் பூட்டிப்போட்டன். சன்னம் வாக்கிற அச்சின்ர படத்தை இஞ்ச ஆரும் கண்டால் விளக்கம் சொல்லி மாளாது. உனக்கு அல்பேர்ட்டாவில லைசென்ஸும் கிளப்பும் இருக்கு. எனக்கு ஈயம் உருக்கிற சட்டியைக் கண்டே பக்கத்து வீட்டுக்காரர் ரெண்டு தரம் விசாரிச்சிட்டார். வீச்சுவலைக்கு மணி வாக்கிறன் எண்டு ஒரு மணியைக் கையில குடுத்துத்தான் அனுப்பினனான்.

சரி, உன்ர கரைச்சலுக்கு வருவம். இருபது வெடிக்குள்ளயே குழலில ஈயம் அப்புது, அதால சன்னம் வழுக்கிப் போகப் பூசிற மெழுகை மூண்டு தரம் பூசினன், இப்ப சன்னம் விரலில ஒட்டுது, புகை கண்ணை மறைக்குது எண்டு எழுதியிருக்கிறாய். மாங்குளத்தில நாங்கள் லேத் கடையில நிக்கேக்க வந்த அந்த மண்ணெண்ணெய் வாட்டர் பம்ப் ஞாபகம் இருக்கோ? ரிங் தேஞ்சு புகைச்சுக்கொண்டு கிடந்தது. தோட்டக்காரர் ஒயிலை மாத்தி மாத்தி ஊத்திப் பாத்தார். சிலிண்டரை அளந்துபோட்டு நீதான் சிரிச்சனி. இப்ப அவற்ர வேலையை நீ செய்யிறாய்.

சன்னத்தை அளவுக்குக் கொண்டுவாற 0.358 அங்குல டை வளையத்துக்குள்ளால தள்ளினபடியா சன்னம் 0.358 எண்டு நம்பியிருக்கிறாய். டை பெரிசைத்தான் சின்னனாக்கும். அச்சிலயிருந்து விழேக்கயே 0.357 எண்டால் டைக்குள்ளால சும்மா வழுக்கிக்கொண்டு போகும். தள்ளேக்க கைபிடியில பாரம் தெரியுதோ? தெரியேல்லையெண்டால் உடன மைக்ரோமீற்றரை எடு. குழலுக்குள்ள சுத்திச் சுத்தி வெட்டியிருக்கிற புரியின்ர பள்ளத்தளவைவிட சன்னம் அங்குலத்தில ஆயிரத்தில ஒரு பங்காவது கூட இருக்கவேணும். இல்லாட்டிப் பின்னால வாற நெருப்புக்காத்து ஓரத்தால பூந்து ஈயத்தை அரிச்சுக் குழலில பூசிப்போட்டுப் போயிடும். வெளிவாய்ப்பக்கம் அப்பியிருந்தால் மெழுகு காணாமல் போச்சு, இன்னும் பூசவேணும் எண்டு சொல்லலாம். உன்ர படத்தில குழல் தொடங்கிற இடத்திலதான் சாம்பல் கோடு கிடக்கு.

றிவோல்வர்தானே, தோட்டா போடுற உருளையின்ர வாய்களையும் ஒவ்வொண்டா அள. அது குழலைவிட இறுக்கமெண்டால் சன்னம் அங்கயே மெலிஞ்சுபோம். இன்னொண்டு, பித்தளைத் தோட்டாக் கோதுக்குள்ள பூட்டின சன்னம் ஒண்டைத் திரும்பக் கழட்டி அளந்து பார். பித்தளை இறுக்கமெண்டால் மெதுவான ஈயத்தை நெரிச்சுப்போடும். எனக்கு இதிலதான் கூடச் சந்தேகம்.

மெழுகு சாடையா மஞ்சள் படிஞ்சால் காணும், ஒரு இரவு காயவிடு. நீ பூசினது கோழிக்கறிக்கு எண்ணெய் விட்ட மாதிரிக் கிடக்கு.

ஈயம் எங்கால எடுக்கிறாய்? நான் சில்லு ஆடாமலிருக்க ரயர்க்கடையில அடிக்கிற சின்னப் பாரத்தைத்தான் உருக்கிறனான். இப்ப அதுக்குள்ள துத்தநாகமும் கலந்து வருது. ஈயம் 327 பாகை செல்சியஸில உருகும், நாகத்துக்கு 419 வேணும். சூட்டை அளவா வச்சிருந்தால் நாகத் துண்டு மிதக்கும், கரண்டியால அள்ளி எறியலாம். போன மாசம் அவசரத்தில நெருப்பை ஏத்திப்போட்டன். சட்டி முழுக்கக் கஞ்சி மாதிரித் தடிச்சு, மணி ஒண்டும் ஒழுங்கா வரேல்லை. எட்டுக் கிலோ ஈயம் வீண். ஒட்டுசுட்டான் பக்கம் தேன் எடுக்கிறவை தந்த மெழுகில நெல்லிக்காயளவு போட்டுக் கிண்டியும் பாத்தன். மற்ற நாளில குப்பெண்டு பத்தி, கசடு கறுப்பா மேல வர, கீழ ஈயம் கண்ணாடி மாதிரி மினுங்கும். அண்டைக்கு அதுவும் சரிவரேல்லை.

வலையில இன்னும் அரைவாசி மணி கட்டக் கிடக்கு. முடிஞ்சால் நந்திக்கடலில இறாலுக்கு இறங்கலாம் எண்டு பாக்கிறன்.

மூண்டு அளவையும் எடுத்து எழுது: சன்னம், உருளை வாய், கழட்டின சன்னம். அதுமட்டும் மெழுகு டப்பாவைத் திறக்காதை. ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் சிகரெட்டும் பத்தாதை, சொன்னால் நீ எங்க கேக்கப்போறாய்.

உன்ர பழைய லேத் கூட்டாளி