விலை எழுதும் அட்டையில் அளவையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வண்ண மீன் கண்காட்சி பற்றிப் போன இதழில் வந்த படச் செய்தியைப் பார்த்தேன். தொட்டிக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு ஒரு குழந்தை நிற்கும் படம் அருமை. அந்தக் கண்காட்சிக்கு நானும் போயிருந்தேன். காலை பத்து மணிக்கு உள்ளே நுழைந்தவன், சாப்பாட்டு நேரம் தாண்டி வீட்டிலிருந்து இரண்டாவது போன் வந்த பிறகுதான் வெளியே வந்தேன். இருபத்தைந்து வருஷமாக மீன் வளர்க்கிறேன். (தண்ணீர் சுமக்கிறேன் என்பார் என் மனைவி.) செய்தியில் வராத ஒரு விஷயத்தை எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஃபைட்டர் மீன்களின் அழகுப் போட்டி நடந்த மேசையை விட்டு நகர மனமே வரவில்லை. ஒவ்வொரு மீனுக்கும் தனிக் கண்ணாடிப் பெட்டி, இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் ஒரு அட்டை. பாதாம் இலை ஊறிய தண்ணீர் வெளிறிய டீ நிறத்தில் இருந்தது. நடுவர் வந்து அட்டையை உருவினார். அதுவரை மூலையில் சோம்பிக் கிடந்த ஹாஃப்மூன், பக்கத்துப் பெட்டிக்காரனைப் பார்த்ததுதான் தாமதம், செவுளை விரித்துக்கொண்டு கிளம்பியது. வால் விசிறியாகத் திறந்துகொண்டது. வாலின் மேல் ஓரமும் கீழ் ஓரமும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும், அதாவது 180 டிகிரி. அப்போதுதான் அது ஹாஃப்மூன். நடுவர் குனிந்து செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்து, துடுப்பு ஓரத்தில் ஒரு சின்னக் கிழிசலைக் கண்டுபிடித்தார். எனக்குக் கண்ணாடி போட்டும் தெரியவில்லை.

பக்கத்தில் நின்ற பாட்டி ஒருவர், "ஏம்ப்பா, அதுக்கு எதுக்கு இவ்ளோ கோவம்?" என்று கேட்டார். மீனைக் கொண்டுவந்திருந்த பையன், "எதிர்ல இருக்கிறது அதோட தம்பி, பாட்டி. ஒரே ஈட்டுல பொறந்தது" என்றான். "அப்ப சொத்துத் தகராறுதான்" என்று பாட்டி முடித்துவிட்டார்.

அந்தப் பையன் கொளத்தூர். கல்லூரியில் படித்துக்கொண்டே மொட்டை மாடியில் தொட்டி வைத்துக் குஞ்சு பொரிக்கிறான். எங்கள் பக்கத்தில் இது அதிசயமில்லை. கொளத்தூரிலும் அதைச் சுற்றியும் எத்தனையோ குடும்பங்களுக்கு இதுதான் தொழில். மீன் பையில் ஆக்ஸிஜன் அடித்து, தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி, ராத்திரி பஸ்ஸில் வெளியூருக்கு அனுப்புவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். திறமைக்குக் குறைவே இல்லை.

சரி, குறைக்கு வருகிறேன். விற்பனை ஸ்டால்களில் ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு அட்டை ஒட்டியிருந்தார்கள். அதில் மீனின் பெயரும் விலையும் மட்டும்தான்.

'டேங்க் கிளீனர், ஜோடி ரூ.60' என்றது ஒரு அட்டை. இரண்டு அங்குலக் குஞ்சுகள், கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு சமர்த்தாக இருந்தன. நான் நின்ற கால்மணி நேரத்தில் ஆறு பேர் வாங்கிப் போனார்கள். அது ஒன்றரை அடி வரை வளரும் என்று ஒருவருக்கும் யாரும் சொல்லவில்லை. பெயர்தான் கிளீனர், மற்ற மீன்களின் கழிவை அது தொடாது. பாசியைச் சுரண்டித் தின்னும், தின்றதைவிட அதிகமாகத் தொட்டியை நாறடிக்கும். கொஞ்ச காலத்தில் தொட்டிக்குள் அது திரும்பக்கூட இடம் இருக்காது. கொல்லவும் மனசு வராது. 'பாவம், எங்கேயாவது பிழைச்சுப் போகட்டும்' என்று ஏரியில் விட்டுவிடுகிறோம்.

அது பிழைத்துத்தான் போகிறது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த மீன். உடம்பு முழுக்க எலும்புத் தகடு, அதனால் வேறு எதுவும் அதைச் சுலபமாகத் தின்றுவிட முடியாது. கரையில் வளை தோண்டி முட்டையிடும். காற்றை விழுங்கியும் மூச்சுவிடும் என்பதால் கரையில் தூக்கிப் போட்டாலும் மணிக்கணக்கில் சாகாது. எங்கள் பக்கத்து ஏரியில் வலை போடுகிறவர் ஒருநாள் விடிகாலையில் கரையில் உட்கார்ந்து கத்தியால் வலையை அறுத்துக்கொண்டிருந்தார். முள் மாட்டிக்கொண்டு மீனை உருவ முடியவில்லை. "கெண்டைக்குப் போட்ட வலை சார். இந்தச் சனியன் பத்து வந்திருக்கு. யாரும் வாங்க மாட்டாங்க, வலைக்கும் தண்டம்" என்றார். அந்தப் பத்தில் ஒன்று நான் விட்டதாகவும் இருக்கலாம். 2001-ல் நானும் ஒன்றை அதே ஏரியில்தான் விட்டேன். புண்ணியம் என்று நினைத்து விட்டேன்.

2023-ல் காஷ்மீரின் தால் ஏரியில் அலிகேட்டர் கார் மீன் ஒன்று பிடிபட்டது நினைவிருக்கும். முதலை வாய், வட அமெரிக்க மீன். நீந்தியா வந்திருக்கும்? முழுசாக வளர்ந்தால் ஆறடியைத் தாண்டும் அந்த மீனைச் சாண் நீளத்தில் வாங்கி வீட்டில் வைக்கிறவர்கள் நம் ஊரிலும் உண்டு.

பெருமைப்பட வேண்டிய இடத்திலும் அட்டை ஊமையாகத்தான் இருந்தது. ஒரு தொட்டியில் பத்துப் பன்னிரண்டு 'மிஸ் கேரளா' மீன்கள். வெள்ளி உடம்பில் கறுப்புக் கோடு, அதற்கு மேலே மூக்கிலிருந்து பாதி உடம்பு வரை சிவப்புக் கோடு. அட்டையில் விலை மட்டும். இந்த மீனின் அறிவியல் பெயரில் இருக்கும் டெனிசன், சென்னை மாகாண கவர்னராக இருந்த வில்லியம் டெனிசன். 1865-ல் அந்தப் பெயரைச் சூட்டியவர் மீன் ஆய்வாளர் பிரான்சிஸ் டே. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. 1997-ல் சிங்கப்பூர் அக்வாரமா கண்காட்சியில் புது மீன்கள் பிரிவில் மூன்றாவது இடம் வாங்கியது. அந்தப் புகழே அதற்கு வினையானது. ஆற்றிலிருந்து அள்ளி அள்ளி ஏற்றுமதி செய்தார்கள், இன்று அது அழியும் ஆபத்தில் உள்ள இனம். பண்ணையிலும் இப்போது குஞ்சு பொரிக்கிறார்கள். அப்படியானால் 'பண்ணையில் பிறந்தது' என்று அட்டையில் ஒரு வரி எழுதினால் என்னைப் போன்றவன் நிம்மதியாக வாங்குவான். எழுதாததால் வாங்காமல் வந்தேன்.

ஸ்டால்காரர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். "எவ்ளோ பெருசாகும்னு எழுதினா யார் சார் வாங்குவா?" என்றார். ஒளிவுமறைவு இல்லாத பதில். ஆனால் கணக்குத் தப்பு. நான் முதன்முதலில் தொட்டி வாங்கியபோது கடைக்காரர் தொட்டியையும் எட்டு கோல்ட் ஃபிஷ்ஷையும் ஒரே நாளில் கட்டிக் கொடுத்தார். ஒரு வாரத்தில் எட்டும் மிதந்தன. போய்க் கேட்டால், "தண்ணி ஒத்துக்கல" என்றார். புதுத் தொட்டியில் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முறிக்கும் பாக்டீரியா ஃபில்டரில் ஊறிப் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. கோல்ட் ஃபிஷ் பத்து வருஷத்துக்கு மேல் வாழும் என்பதும் அப்புறம்தான். நான் பிடிவாதக்காரன், விடவில்லை. என்னோடு ஆரம்பித்த நண்பர்கள் மூன்று பேர் தொட்டியைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டார்கள். மூன்று வாடிக்கையாளர்கள் போனது யாருக்கு நஷ்டம்?

கடைசியாக வாசலில் பார்த்தது. குலுக்கலில் பெயர் வந்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஃபைட்டர், உள்ளங்கை அளவு கவரில் பரிசு. கவரைச் சுழற்றிக்கொண்டே நடந்த ஒரு பையனின் அப்பாவிடம், "எதுல விடப் போறீங்க தம்பி?" என்று கேட்டேன். "ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கு சார். ஃபைட்டருக்கு அது போதும்னு சொன்னாங்க" என்றார். ஃபைட்டர் மேலே வந்து காற்றைக் குடித்து மூச்சுவிடும், அதனால் பாட்டிலில் உடனே சாகாது. நிதானமாகச் சாகும். உள்ளே 180 டிகிரிக்கு மதிப்பெண் போட்டவர்கள், வாசலில் அதே மீனைக் கடலை மிட்டாய் மாதிரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. விலை எழுதுகிற அட்டையிலேயே முழு வளர்ச்சியில் எத்தனை அங்குலம், எத்தனை வருஷம் வாழும், குறைந்தது எத்தனை லிட்டர் தொட்டி வேண்டும் என்று எழுதட்டும். வளர்க்க முடியாதவர்கள் மீனைத் திருப்பிக் கொடுக்க ஒரு மேசை போடட்டும். குலுக்கலில் மீனுக்குப் பதில் மீன் தீனிப் பொட்டலம் கொடுக்கட்டும். அடுத்த வருஷம் அட்டை எழுத ஆள் இல்லையென்றால் முந்தின நாளே வந்து எழுதித் தர நான் தயார். கையெழுத்து சுமாராக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
வில்லிவாக்கம், சென்னை - 49

பி.கு.: கொளத்தூர்ப் பையனின் அந்த ஹாஃப்மூன் அண்ணனுக்குப் பரிசு இல்லை, அந்தக் கிழிசல்தான் காரணமாம். தம்பி மீனுக்கு மூன்றாம் பரிசு. பாட்டி அதற்குள் கிளம்பிவிட்டார்.