பாகில் பிறக்கும் வளையம்

தர்மபுரி
கார்த்திகை 5

அன்புள்ள மாது,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. கொஞ்ச நாளைக்குக் கொப்பரைப் பக்கம் அவரை விடாதே, புகை ஆகாது. வெல்லம் விலை இறங்கியதைப் படித்துத்தான் மனசு கஷ்டப்பட்டது.

"அப்படி என்னதான்டா ஆராய்ச்சி?" என்று கேட்டிருந்தாய். உன் மகனுடைய செல்போன் ஓஎல்இடி திரை என்றாயே, அதில் ஒளிர்வது கார்பன் சேர்மம். கார்பன் அணுக்களின் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வந்தால் எலக்ட்ரான் அந்தச் சங்கிலி நெடுக நகரும். ஷிராகாவா, மெக்டியார்மிட், ஹீகர் என்ற மூன்று விஞ்ஞானிகள் 1977-இல் பாலிஅசிட்டிலீன் என்ற பிளாஸ்டிக்கில் அயோடினை ஏற்றி, பிளாஸ்டிக்கிலும் மின்சாரம் பாயும் என்று காட்டினார்கள். 2000-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

நான் செய்வதும் இந்த மாதிரிச் சங்கிலிதான். அதற்கு அணு வளையங்களைக் கோக்கும் முறைதான் என்னை உறுத்துகிறது. பரவலான ஒரு முறையில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு வெள்ளீயச் சேர்மம் கழிவாக மிஞ்சும். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிறோமே, அதே ஈயம்தான். பாத்திரத்தில் இருக்கும்வரை ஒன்றும் செய்யாது. கார்பனோடு சேர்ந்த சில வகைகள் நரம்பையே தாக்கும். கப்பல் பெயின்ட்டில் கலந்த இந்த வகைச் சேர்மம் கடல் நத்தைகளைக் கெடுத்ததால் 2008-இல் உலக அளவில் தடை வந்தது. நான் முன்பு இருந்த ஓர் ஆய்வகத்தில் அந்தக் கழிவைத் தொட்டியில் ஊற்றிவிட்டுக் குழாயைத் திறந்துவிடுவார்கள். அப்போது நானும் வாய் திறக்கவில்லை. அது இன்றும் வலிக்கிறது. ஃபுளோரைடு தண்ணீர் குடித்துப் பல்லில் கறை ஏறிய பிள்ளைகளோடு படித்தவர்கள்டா நாம். நிலத்தடி நீர் கெட்டால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால்தான் உன் தொழில் பக்கம் வந்து நிற்கிறேன். கரும்புச் சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை. சூட்டில் அதிலிருந்து மூன்று நீர் மூலக்கூறு கழன்றால் நாலு கார்பனும் ஓர் ஆக்சிஜனும் கோத்த ஃபியூரான் வளையம் உருவாகும். உன் கொப்பரையில் பாகு முறுகும்போது இது கொஞ்சம் தானாகவே நடக்கிறது! அதை ஆக்சிஜனேற்றி, இரு முனையிலும் ஆல்டிஹைடு என்ற ஆக்சிஜன் கொக்கி வரவைத்து, இரண்டு நைட்ரஜன் கொக்கி உள்ள டைஅமீனோடு சேர்த்தால் சங்கிலி நீளும். அந்த இணைப்பில் வெளியேறுவது வெறும் தண்ணீர். போன வாரம் எத்தனாலில் ஆரஞ்சு நிறத் தூள் படிந்தது. வெகுநேரம் குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குறையும் உண்டு. ஈரம் பட்டால் இந்தப் பிணைப்பு அறுந்துவிடும். ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகம் உள்ள தயோஃபீன் வளையம் அளவுக்கு ஃபியூரான் வெயிலையும் காற்றையும் தாங்காது. திரைக்கு ஆகுமா தெரியாது, சென்சாருக்கு ஆகும் என்று நம்புகிறேன்.

பொங்கலுக்கு முன்னால் ஆலை ஓட்டும் நாளை எழுது, வருகிறேன். முறுகிப்போன பாகு ஒரு பாட்டில் எடுத்துவை. தண்ணீர் கலந்துவிடாதே.

உன்
குமரவேல்