வர்த்தக விதிக்குக் கருத்துச் சொல்லும் 60 நாளில் தேயிலைத் தோட்டத்தின் பேச்சும் எடுபடட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க வரி பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2025 ஏப்ரலில் இலங்கைக்கு 44 சதவீதம் என்றார்கள், ஜூலையில் 30 என்றார்கள், ஆகஸ்டில் 20-க்கு வந்தது. “உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட வேண்டியதுதானே” என்று எங்கள் ஊரிலும் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வழக்குப் போட்ட பிறகு என்ன நடக்கும் என்பதைக் கட்டுரை சொல்லவில்லை.

முதலில் இரண்டு நாடுகளும் பேசிப் பார்க்க வேண்டும். சரிவராவிட்டால் நடுவர் குழு, அதற்கு மேல் மேன்முறையீட்டு அமைப்பு. 7 பேர் இருக்க வேண்டிய அந்த அமைப்புக்குப் புதிய ஆட்களை நியமிக்க அமெரிக்கா விடாததால், 2019 டிசம்பரிலிருந்து அது முடங்கிக் கிடக்கிறது. தோற்ற நாடு மேன்முறையீடு செய்தால் வழக்கு அந்தரத்தில் நிற்கும். வென்றாலும் தீர்ப்பை நிறைவேற்றப் பொலிஸ் கிடையாது. வென்ற நாடு பதிலுக்கு வரி போடுவது போன்ற நடவடிக்கை எடுக்கலாம், அவ்வளவுதான். அன்டிகுவா என்ற சின்னத் தீவு நாடு இணையச் சூதாட்ட வழக்கில் அமெரிக்காவை வென்றது. ஆண்டுக்கு 21 மில்லியன் டொலர் அளவுக்குப் பதில் நடவடிக்கை எடுக்கலாம் என்று 2007-ல் முடிவானது. அத்தனை சிறிய நாடு பதிலடி கொடுத்து அமெரிக்காவுக்கு எங்கே வலிக்கப்போகிறது? நாமும் 1996-ல் தேங்காய்த் துருவல் விஷயமாகப் பிரேசில் மீது முறையிட்டோம். அது பேச்சோடு நின்றது.

2017 டிசம்பரில் பொதியில் ஒரு வண்டு கிடந்தது என்று ரஷ்யா நமது தேயிலையை நிறுத்தியது நினைவிருக்கும். ரஷ்யா நமக்கு விற்கும் அஸ்பெஸ்டஸுக்கு 2018 ஜனவரியிலிருந்து கட்டுப்பாடு வரவிருந்த நேரம் அது. நாம் அந்தக் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தோம், தேயிலைத் தடையும் நீங்கியது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று அப்போதே பரவலாகப் பேசினார்கள். வழக்குக்கு அங்கே இடமே இருக்கவில்லை.

ஆகவே விதி வந்த பிறகு சண்டை பிடிப்பதைவிட, விதி எழுதும்போதே வாய் திறப்பதுதான் நம்மைப் போன்ற நாட்டுக்கு வழி. அதற்கு வழி இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு, தாவர நோய் சம்பந்தமாகப் புதிய கட்டுப்பாடு கொண்டுவரும் நாடு அதன் வரைவை ஜெனீவாவில் உள்ள உலக வர்த்தக அமைப்புக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். மற்ற நாடுகள் கருத்துச் சொல்ல வழக்கமாக 60 நாள் உண்டு. வரும் கருத்துகளை அந்த நாடு கணக்கில் எடுக்கவும் வேண்டும். தேயிலையில் எந்தப் பூச்சி மருந்து, களை மருந்து எவ்வளவு மிஞ்சியிருக்கலாம் என்ற விதிகளும் இதற்குள்தான் வருகின்றன.

இது தோட்டத்தில் எப்படி வந்து விடிகிறது என்பதை நான் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். 2015-ல் கிளைபோசேட் என்ற களைகொல்லியை நம் நாட்டில் தடை செய்தபோது அம்மா கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். புல் முழங்காலுக்கு மேல் வந்துவிட்டது. அட்டை ஒரு பக்கம், புல்லுக்குள் என்ன கிடக்கிறதோ என்ற பயம் ஒரு பக்கம். நிரையில் காலை வைக்கப் பயந்தால் கை எப்படி ஓடும்? கிலோ குறைந்தது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசைப் பார்த்துவிட்டு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், என்று எழுதினார்கள். பல தோட்டங்கள் வேறு களைகொல்லிகளுக்கு மாறின. அவற்றில் எம்.சி.பி.ஏ. என்ற மருந்துக்கு ஜப்பான் வைத்திருந்த எல்லை கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். நமது தேயிலை அங்கே பரிசோதனையில் சிக்கியது. கடைசியில் 2018-ல் தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் கிளைபோசேட்டை மீண்டும் அனுமதித்தார்கள். தடை ஏன் வந்தது, ஜப்பான் என்ன கேட்கிறது, இப்போது என்ன மருந்து அடிக்கிறார்கள் என்று அம்மாவிடமோ, தோளில் தாங்கி சுமந்து மருந்தடித்தவர்களிடமோ ஒருவரும் சொல்லவில்லை. அவர்கள் உடம்பில் பட்ட மருந்துக்கு ஜப்பானில் எல்லை கிடையாது, இங்கும் யாரும் அளக்கவில்லை.

1947-ல் ஜெனீவாவில் முதல் வர்த்தக ஒப்பந்தத்தை எழுதிய 23 நாடுகளில் இலங்கையும் ஒன்று. அன்று நமது முதன்மை ஏற்றுமதி தேயிலை. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்து, அந்தத் தேயிலையைப் பறித்தவர்களை நாடற்றவர்களாக்கியது. அன்று எதிர்த்துக் கேட்டவர்களின் குரல் எடுபடவில்லை, சரி. இன்று வாக்கு இருக்கிறது, பாராளுமன்றத்தில் உறுப்பினர்கள் இருக்கிறார்கள், தொழிற்சங்கங்கள் இருக்கின்றன. சம்பளத்துக்குக் குரல் கொடுக்கும் அவர்கள் இதைப் பற்றியும் பேச வேண்டும்.

தேயிலையைத் தொடும் வரைவு எது வந்தாலும் அதன் சாரத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் உடனே வெளியிட வேண்டும். கொழும்பில் பதில் எழுதும்போது ஏற்றுமதியாளரோடும் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தோடும் மருந்தடிக்கிற தொழிலாளி ஒருவரையும் உட்கார வைக்க வேண்டும். எந்த மருந்து, எந்த மலை, எத்தனை நாள் கழித்துக் கொழுந்து எடுக்கலாம் என்பதை, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் எழுதி ஒட்டுவதற்கு ஜெனீவாவைக் கேட்கவே வேண்டியதில்லை, அதை நாளைக்கே செய்யலாம்.

அந்த வரைவு அறிவித்தல்கள் உலக வர்த்தக அமைப்பின் இணையத்தளத்தில் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. உங்கள் பத்திரிகை ஒரு மூலையில் இடம் ஒதுக்கினால், தேயிலை சம்பந்தமானவற்றைத் தமிழில் சுருக்கி அனுப்ப நானும் என் பாடசாலை நண்பர்களும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
ஹட்டன்