சுரங்கம் இறைக்கும் தண்ணீரைச் சுத்திகரித்து எங்கள் ஊருக்குக் குடிநீராகத் தர வேண்டி கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஊர்ப் பெண்கள் சார்பாக ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண்,
கம்மாபுரம் ஒன்றியம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்.

பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஏற்கெனவே கொடுத்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது நான்காவது மனு. முதல் மூன்றுக்கும் ரசீது கையில் இருக்கிறது, பதில்தான் இல்லை. ஒரே ஒரு முறை 'சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று செல்போனில் செய்தி வந்தது. எந்தத் துறை என்று அதில் இல்லை. நெய்வேலிப் பக்கம் தாங்கள் வந்துபோகும் வழியில்தான் எங்கள் ஊர். பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்மேடுகளைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள்.

1. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் பெரும் அழுத்தத்தில் நிற்கிறது. அதை இரவு பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பொங்கி உடையும். இது எங்களுக்கும் தெரியும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது கருப்பாக வந்ததில்தான் இங்கே கரி இருப்பதே வெளியே தெரிந்தது. சுரங்கத்தை மூடச் சொல்லி நாங்கள் வரவில்லை.

2. என் மாமனார் போட்ட போருக்கு மோட்டார் கிடையாது. தண்ணீர் தானாகப் பொங்கி வாய்க்காலில் ஓடும். கல்யாணமாகி வந்த புதிதில் அந்தக் குழாயடியில்தான் துணி துவைத்தேன். சுரங்கத்தில் இறைக்க இறைக்க, அப்புறம் பொங்குவது நின்றது. மோட்டார் வைத்தோம், சப்மெர்சிபிள் இறக்கினோம், வருடா வருடம் கூடுதலாகக் குழாய் இறக்கினோம். கடைசியாக என் தாலிச் சங்கிலியை அடகு வைத்து 600 அடிக்குப் போர் போட்டோம். சித்திரை மாதத்தில் சுவிட்சைப் போட்டால் பத்து நிமிடம் தண்ணீர், பிறகு வெறும் காற்றுதான் சீறிக்கொண்டு வருகிறது. ஊர் மேல்நிலைத் தொட்டிக்கும் அதே நிலத்தடி நீர்தானே? இரண்டு நாளைக்கு ஒரு முறை, விடியற்காலை நான்கு மணிக்குத் திறக்கிறார்கள். வீட்டுக்கு நான்கு குடம். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பரீட்சை அன்றும் குடத்தோடு வரிசையில் நின்றாள். பிடித்துவந்த தண்ணீரை ஒரு மணி நேரம் வைத்தால் அடியில் செம்மஞ்சளாகப் படிகிறது. வெள்ளைத்துணி கட்டி வடிகட்டித்தான் சோறு பொங்குகிறோம்.

3. நாங்கள் வரிசையில் நிற்கும் அதே நேரத்தில், கூப்பிடு தூரத்தில், சுரங்கத்து வாய்க்காலில் தண்ணீர் இரைச்சலோடு போகிறது. களிமண் கரைந்த தண்ணீர், அப்படியே குடிக்க முடியாது. சரி, சுத்திகரிக்க முடியாதா? சென்னை வறட்சியில் தவித்தபோது சுரங்கத் தண்ணீர், வீராணம் ஏரியிலிருந்து சென்னைக்குப் போகும் குழாய் வழியாக அங்கே போனதே! அவ்வளவு தூரம் போகும் தண்ணீர் எங்கள் தெருவுக்கு வராதா ஐயா?

4. மழைக்காலத்தில் அதே வாய்க்கால் நிரம்பி வயலில் ஏறுகிறது. வடிந்தபின் படியும் களிமண்ணில் நெல் தூர் கட்டுவதில்லை. அதற்குத் தனி மனு தருகிறோம்.

5. 2015இல் கொண்டுவந்த மாவட்ட கனிம அறக்கட்டளை, சுரங்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கானது. அதில் முன்னுரிமைப் பணிகளில் குடிநீரும் இருக்கிறது. அதன் தலைவர் தாங்களே. இதற்கு மேல் நாங்கள் யாரிடம் போய்க் கேட்பது? திங்கட்கிழமைதோறும் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி, டோக்கன் வாங்கி, மதியம் வரை உட்கார்ந்து, ரசீதோடு திரும்புகிறோம். ரசீதைக் காய்ச்சிக் குடிக்க முடியாது ஐயா. கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுத மனம் வரவில்லை.

6. ஆகவே தங்களைக் கெஞ்சிக் கேட்கிறோம். சுரங்கத் தண்ணீரைச் சுத்திகரித்துக் குழாய் மூலம் எங்கள் ஊருக்குத் தர உத்தரவிடுங்கள். அதுவரை தினமும் டேங்கர் லாரி அனுப்புங்கள். ஊரில் ஒரு கண்காணிப்புக் கிணறு அமைத்து, மாதந்தோறும் நீர்மட்டம் எத்தனை அடியில் என்று ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். எவ்வளவு இறைக்கிறார்கள் என்ற கணக்கையும் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

மற்றதெல்லாம் தாமதமானாலும் தண்ணீரை மட்டும் முதலில் கொடுங்கள் ஐயா. ஒரு நாள் விடியற்காலை நான்கு மணிக்கு எங்கள் தொட்டியடிக்கு வந்து பாருங்கள். இந்த முறை எந்தத் துறைக்கும் அனுப்பிவிடாமல், தாங்களே வாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊர்ப் பெண்கள்

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் ரசீது நகல்கள், குடத்தடி கறையின் புகைப்படம்.