கல்வெட்டில் ஏறாத பெயர்

வட மாகாண சுகாதாரத் திணைக்களத்தினருக்கும் யாழ்ப்பாணத்து வைத்தியசாலைப் பணிப்பாளர்களுக்கும் வணக்கம்.

அம்மா இறந்த 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு என்கிற நினைவு மலரை அடிக்கக் கொடுத்தோம். நன்றி நவிலலை நான்தான் எழுதினேன். வைத்தியர்கள் இருவரின் பெயரும் பட்டத்தோடு வந்தது. அப்புறம் 'தாதியர்கள்' என்று ஒரு சொல். 11 இரவு வார்டில் துணைக்கு நின்ற எனக்கு அதற்கு மேல் ஒரு பெயரும் தெரியவில்லை.

படுக்கைப்புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்ததும், நரம்பு அகப்படாத கையைத் தேய்த்துச் சூடாக்கி, "கொஞ்சம் பொறுங்கோ அம்மா" என்று சொல்லிச் சேலைன் ஏற்றியதும் ஒரே தாதிப் பிள்ளைதான். நாங்கள் அவரை 'மிஸ்ஸி' என்று கூப்பிட்டோம். எல்லோரையும் அப்படித்தானே கூப்பிடுகிறோம். பிறகு தேடிப் போனேன். அந்த வார்டில் நின்ற இருவர் வெளிநாடு போய்விட்டார்கள், நீங்கள் சொல்வது யாரென்று தெரியவில்லை என்றார்கள்.

தாதியருக்குச் சம்பளமும் ஆளணியும்தான் முதல் விடயம். 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ பேர் நாட்டைவிட்டுப் போனார்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மேலதிக நேரக் கொடுப்பனவுக் கணக்கு மாறியபோது தாதியர் வீதிக்கு வந்ததையும் பார்த்தோம். அதையெல்லாம் ஒரு சான்றிதழால் மூடச் சொல்லி நான் எழுதவில்லை. ஆனால் தாதி மீது ஒரு முறைப்பாடு எழுதினால் அதற்கு விசாரணை, விளக்கக் கடிதம் எல்லாம் உண்டு. நன்றி மட்டும் வார்ட் வாசலோடு போய்விடுகிறது. இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

அமெரிக்காவில் 1999இல் பாட்ரிக் பார்ன்ஸ் என்பவர் 33 வயதில் இறந்தபோது, அவரைப் பார்த்த தாதியருக்கு நன்றி சொல்லவென்று குடும்பத்தார் தொடங்கியதுதான் டெய்சி விருது. நோயாளியும் உறவினரும் தாங்கள் கண்டதை எழுதிக் கொடுக்கிறார்கள். நமக்கு விருது கூட வேண்டாம். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டயக்னோசிஸ் கார்டோடு ஒரு தாள் தாருங்கள். அதில் கவனித்த தாதியரின் பெயர்கள் இருக்கட்டும், கீழே நாங்கள் எழுத இடம் இருக்கட்டும். எழுதியது அவர் கைக்கும் போகட்டும், அவருடைய சுயவிபரக் கோவையிலும் ஏறட்டும். பதவி உயர்வு, இடமாற்றம் என்று வரும்போது அதையும் புரட்டிப் பாருங்கள். மே 12 தாதியர் தினத்தோடு இது முடியக் கூடாது.

1987 ஒக்டோபர் 21இல் யாழ் போதனா வைத்தியசாலைக்குள் கொல்லப்பட்டவர்களில் தாதியரும் உண்டு. அவர்களை ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம். இன்றிரவு கடமையில் நிற்கிறவரின் பெயரையும் நாங்கள் தெரிந்துகொள்ள வழி செய்யுங்கள்.

கல்வெட்டுப் பிரதிகள் சில இன்னும் வீட்டில் இருக்கின்றன. அந்தப் பிள்ளையின் பெயர் கிடைத்தால், கையாலாவது எழுதி ஒன்றை அனுப்பி வைப்பேன்.

இப்படிக்கு,
ஒரு தாயின் மகள், யாழ்ப்பாணம்