பண்பாட்டுக்காகப் பேசுறது யாரு?

ஆசிரியருக்கு வணக்கம்,

மனித உரிமை, பெண் சமத்துவம் எல்லாம் மேல்நாட்டு சரக்கு, அதை மத்த நாட்டுப் பண்பாடு மேல திணிக்கக் கூடாதுன்னு ஒரு வாசகர் எழுதியிருந்தார். படிச்சதும் ஐ.நா. மனித உரிமைக் கமிஷன்ல இந்தியா சார்பா இருந்த ஹன்சா மேத்தா ஞாபகம்தான் வந்துச்சு. 1948ல வந்த ஐ.நா. மனித உரிமைப் பிரகடனம் இருக்கே, அதோட வரைவுல முதல் பிரிவு "ஆல் மென்"னுதான், அதாவது எல்லா ஆண்களும்னுதான் ஆரம்பிச்சுது. அந்தக் கமிஷன் தலைவரா இருந்த அமெரிக்கப் பெண்மணி எலினார் ரூஸ்வெல்ட்டே மென்னு சொன்னா பொம்பளைங்களும் அதுல அடக்கம்தானேன்னு விட்டுட்டாங்க, இந்தியாவுல இருந்து போன மேத்தாதான் விடாப்பிடியா நின்னு அதை "ஹியூமன் பீயிங்ஸ்"னு, அதாவது மனிதர்கள்னு மாத்த வெச்சாங்க. கல்யாணத்துல ரெண்டு பேருக்கும் சம உரிமைங்கிற 16வது பிரிவுக்கு வாதாடினவங்கள்ல பாகிஸ்தானோட பெண் பிரதிநிதி ஷாயிஸ்தா இக்ராமுல்லாவும் ஒருத்தர். இதுல மேல்நாடு எங்க சார் வந்துச்சு?

பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்க 1979ல வந்த ஐ.நா.வோட சீடா ஒப்பந்தத்தைப் பாருங்க. ஆண் உசத்தி பெண் மட்டம்ங்கிற பழக்கவழக்கத்தை அரசே மாத்தணும்னு அதோட 5வது பிரிவு சொல்லுது. பல நாடுங்க கையெழுத்தும் போட்டுட்டு, கூடவே சில பிரிவு எங்களுக்குப் பொருந்தாதுன்னு விலக்கும் வாங்கிக்கிச்சு. நம்ம இந்தியா கூட 1993ல ஏத்துக்கிட்டப்போ, எந்த சமூகமும் தானா முன்வந்து சம்மதிக்காம அதோட சொந்த விஷயத்துல தலையிட மாட்டோம்னு எழுதி வெச்சுது. சரி, சம்மதத்தை யார்கிட்ட கேட்பாங்க? சமூகத்துல பாதிப்பேர் பெண்கள், கூப்பிட்டுப் பேசறது என்னவோ நாலு பெரிய மனுஷங்ககிட்டதான். (அமெரிக்கா 1980லயே கையெழுத்து போட்டு இன்னும் அங்கீகரிக்கவே இல்ல, அது தனிக் கதை.)

மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்கற காம்பியாவுல 2015ல பெண் உறுப்பு சிதைப்பை, அதாவது பொண்ணுங்களோட பிறப்புறுப்பை அறுக்கற வழக்கத்தைத் தடை பண்ணாங்க. 2024ல, அது எங்க மதம் எங்க பண்பாடுன்னு சொல்லி தடையை எடுக்க மசோதா வந்துச்சு, நாடாளுமன்றத்துல பெண்களை விரல் விட்டு எண்ணிடலாம். சின்ன வயசுல அந்தக் கத்தியை அனுபவிச்ச பெண்களே எதிர்த்து நின்னாங்க, ஜூலையில மசோதா தோத்துச்சு. அவங்களும் அதே பண்பாட்டுல பொறந்தவங்கதானே?

ஒண்ணு ஒத்துக்கறேன், வெளிநாட்டுக்காரன் பெண் விடுதலைன்னு பேசினா சந்தேகம் வர்றது நியாயம்தான். 2001ல ஆப்கானிஸ்தான்ல குண்டு போட்ட அமெரிக்காக்காரங்களும் அதைத்தான் பேசினாங்க, 2021ல கிளம்பிப் போயிட்டாங்க, இப்போ அங்க தாலிபான் ஆட்சியில ஆறாம் வகுப்புக்கு மேல பொண்ணுங்களுக்கு ஸ்கூல் இல்ல. அதுக்காக அந்தப் பொண்ணுங்க கேக்கறதும் மேல்நாட்டு சரக்கா?

அடுத்த தடவை இந்த விஷயத்துல கட்டுரை போட்டா, அந்தந்த ஊர்ப் பெண்கள் எழுதினதையும் பக்கத்துலயே போடுங்க.

இப்படிக்கு,
உங்க வாசகி